காப்பியில் கலந்தது

இங்கே உட்காருங்கள். அந்தப் பெஞ்சு வேண்டாம், கொஞ்ச நேரத்தில் வெயில் அங்கே வந்துவிடும். டாக்டர் உள்ளே ரவுண்ட்ஸ் போயிருக்கிறார். அவர் வந்து உங்களைக் கூப்பிட நேரமாகும். முதல் தடவை வருகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் நின்றுகொண்டே இருப்பார்கள், உட்கார்ந்தால் அவர்களையும் நோயாளியாகச் சேர்த்துக்கொண்டுவிடுவார்கள் என்பதுபோல.

உங்களுக்கு யார்? மகனா? சம்சாரமா? சரி, சொல்ல வேண்டாம். நானும் முதல் தடவை யாரிடமும் சொல்லவில்லை.

எனக்குத் தம்பி. பெயர் மாசானமுத்து, வீட்டில் மாசானம் என்போம். இன்றைக்கு அவனை வீட்டுக்குக் கூட்டிப்போகத்தான் வந்தேன். நன்றாக இருக்கிறார், அழைத்துப்போகலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். உள்ளே போய் அவனிடம் பேசிவிட்டுத்தான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். அவன் வரமாட்டேன் என்கிறான். ஏன் என்பதை முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். உங்களுக்கும் உபயோகப்படும்.

எனக்கு அம்பாசமுத்திரம். எரிந்துபோன மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். திருமலையப்பன் கடை என்றால் யாரும் சொல்வார்கள். மாசானத்தைப் பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் போட்டுப் படிக்கவைத்தேன். பிசிக்ஸ். கடைசி வருடம் ஒரு நாள் அங்கிருந்து நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டான். காலில் செருப்பு இல்லை. யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து வீட்டு கரண்ட் மீட்டரை மூடினான். அதன் வழியாக யாரோ நாம் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம்.

அன்றிலிருந்து எங்கள் மீட்டருக்கு எப்போதும் துண்டு உண்டு. அழுக்கானால் அவனே துவைத்து, அதுவரைக்கும் வேறு துண்டு போட்டுவைப்பான். ரீடிங் எடுக்க வருகிறவர் துண்டை எடுத்து, பார்த்துக் குறித்துக்கொண்டு, திரும்பவும் மூடிவிட்டுத்தான் போவார். ஊருக்கே பழகிவிட்டது. மோட்டாரும் கரண்டுமாகப் பிழைக்கிறவன் வீட்டில் இப்படி ஒரு மீட்டர்.

மனச்சிதைவு என்று அப்போது பார்த்த டாக்டர் சொன்னார். நாங்கள் வெளியே சொன்னது நரம்புத் தளர்ச்சி. அது பொய்யில்லை. மூளையும் நரம்புதானே.

மாத்திரை சாப்பிடமாட்டான். நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு கொல்லையில் போய்த் துப்புவான். அப்போது உயிரோடிருந்த அம்மா ஒரு மூலையில் நின்று அழுதுகொண்டிருப்பாள். நானும் கடையில் வேலை பார்த்தவரும் சேர்ந்து, கையைக் காலைப் பிடித்து, வாயைத் திறந்து போடுவோம். ஒரு தடவை என் விரலைக் கடித்துவிட்டான். பாருங்கள், இந்த நகம் இன்னும் கோணலாகத்தான் வளர்கிறது. அப்புறம் வீட்டைவிட்டு ஓடிப்போனவனைச் செங்கோட்டை ஸ்டேஷனில் பிடித்துக்கொண்டு வந்தோம். அப்போதுதான் டாக்டர் சொட்டு மருந்து எழுதினார். நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. “கொஞ்ச நாளைக்குக் காப்பியிலயோ ரசத்திலயோ கலந்து குடுங்க. தெளிவு வந்ததும் சொல்லிக் குடுங்க” என்றார். கொஞ்ச நாளைக்கு. அவருக்கென்ன, சொல்லிவிடுவார். தெளிவு வந்தபிறகு போய், இவ்வளவு நாளும் உனக்குத் தெரியாமல் கொடுத்தோம் என்று சொன்னால், வந்த தெளிவு நிற்குமா? நான் சொல்லவில்லை.

பிறகு எனக்குக் கல்யாணமானது. உலகம்மாள். வந்த கொஞ்ச நாளிலேயே அவளிடம் பாட்டிலைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டில் சாமி அலமாரியில் விளக்குத் திரிக்குப் பின்னால் இருக்க வேண்டும். கலக்கும்போது அடுப்படிக் கதவு சாத்தியிருக்க வேண்டும். மருந்து என்கிற சொல் இந்த வீட்டில் யார் வாயிலும் வரக்கூடாது.

“எத்தன நாளைக்கு?” என்று கேட்டாள்.

“அவன் இருக்க வரைக்கும்.”

அதற்குமேல் அவள் ஒன்றும் பேசவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அதன்பிறகு அவன் அடங்கிவிட்டான். அடங்கிவிட்டான் என்றால் சும்மா இல்லை. வீட்டுத் துணி முழுக்க அவன்தான் இஸ்திரி போடுவான். என் சட்டைக் காலர் கத்தி மாதிரி நிற்கும். என் மகள் கல்யாணியைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது அவன், சைக்கிள் பழக்கிவிட்டது அவன். வேலைக்கு மட்டும்தான் போக முடியாது. மத்தியானம் ஆனால் வாசலில் உட்கார்ந்து தனக்குள் ஏதோ முணுமுணுப்பான், யாராவது வந்தால் நிறுத்திக்கொண்டு, “வாங்க, இருங்க” என்பான். இதெல்லாம் யாரால்? நான் சொல்லிக்காட்டவில்லை. ஆனால் யாருடைய ஏற்பாடு? சென்னையில் ஒரு தங்கை இருக்கிறாள். போனில் அழுவாள். “நீ மட்டும் இல்லேன்னா அவன் கதி என்னண்ணே” என்பாள். அழுது முடிந்ததும் வைத்துவிடுவாள்.

கல்யாணியைத் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்தோம். நல்ல குடும்பம். தம்பி இருக்கிறான், நரம்புத் தளர்ச்சி என்று சொல்லியிருந்தேன். கல்யாணத்தில் அவன் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்துவந்தான், யாருக்கும் எதுவும் தெரியவில்லை. போன வருடம் அவள் உண்டானாள். வளைகாப்பு அவர்கள் வீட்டில். வளையல் போட்டு, சோறு ஆக்கிப்போட்டு, அன்றைக்கே பெண்ணை நம் வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். அதற்கென்று வீட்டுக்கு வெள்ளையடித்து, பின்னறையில் புதுக் கட்டில் போட்டு வைத்திருந்தேன்.

மாசானத்தை யாரிடம் விட்டுப்போவது? கூட்டிக்கொண்டு போனோம். அதுதான் வினை. பெண்கள் எல்லாம் உள்ளே வளையல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நானும் சம்பந்தியும் நடையில் நின்று பேசிக்கொண்டிருக்கிறோம். இவன் மெல்ல வந்தான். சுவரில் மீட்டர் பெட்டி. தோளிலிருந்த புதுத் துண்டை எடுத்து உதறி, நாலாக மடித்து, தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துகிறமாதிரி அதை மூடினான்.

சம்பந்தி என்னைப் பார்த்தார். “என்ன செய்யுதாரு?”

“நரம்புத் தளர்ச்சின்னு சொன்னேன்லா...”

“நரம்புத் தளர்ச்சிக்கு மீட்டருல எதுக்குத் துண்டு?”

நான் வாயைத் திறப்பதற்குள் இவனே சொன்னான். “ஒண்ணுமில்லங்க. வயித்துப் பிள்ள பேசுதது வெளிய போகக்கூடாதுல்லா.”

நாலு பேர் சிரித்தார்கள். சம்பந்தி சிரிக்கவில்லை. பந்தி முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை. “பச்சப்பிள்ள இருக்கப்போற வீடு. நீங்க இவருக்கு ஒரு ஏற்பாடு பண்ணிட்டுச் சொல்லுங்க, கல்யாணிய அனுப்புதோம். இல்லேன்னா இங்கயே பிரசவம் பாத்துக்கிடுதோம்” என்றார். கூட்டிவரப்போன பெண்ணை விட்டுவிட்டு, இவனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். பஸ்ஸில் இவன் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்து அவர்கள் கொடுத்த லட்டைத் தின்றுகொண்டு வந்தான்.

வீட்டுக்கு வந்ததும் நான் சொன்னேன், பிரசவம் முடிகிற வரைக்கும் இவனை எங்காவது விட்டுவைப்போம் என்று. உலகம்மாள் ஒரேயடியாக மறுத்துவிட்டாள்.

“நா அங்க போயிப் பாத்துட்டு வாரேன். எம்பிள்ளைக்கு நா எங்க வச்சுப் பாத்தா என்ன?”

“சம்பந்தி வீட்டு அடுப்படியில போயி நிப்பியாட்டி? ஊரு என்ன சொல்லும்?”

“ஊரா வந்து பிரசவம் பாக்கப்போவுது?”

போய்விட்டாள். மகளுக்கு மாதம் நெருங்கியதும் மூட்டையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டாள். சம்பந்தி வீட்டில் என் பெண்டாட்டி குழம்பு வைக்கிறாள். இங்கே நான் வெள்ளையடித்த அறையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். புறப்படும்போது பஸ் படியில் நின்றுகொண்டு, “காப்பி விசயமா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்று ஆரம்பித்தாள். “நான் கத்துக்குடுத்தத எனக்கே சொல்லித் தாரியா? போ” என்றேன். பஸ் கிளம்பிவிட்டது. சொல்ல வேண்டும் என்று நிஜமாகவே நினைத்திருந்தால், முந்தின நாளே சொல்லியிருக்கலாம் அல்லவா?

மறுநாள் காலையில் நானே காப்பி போட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு சொட்டை விட்டேன். ஆற்றிக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தேன். டம்ளரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“போட்டாச்சா அண்ணே?”

“சீனியா? போட்டாச்சு.”

“வேற?”

“வேற என்ன, பாலு, டிகாஷன். குடி.”

கொஞ்ச நேரம் காத்துக்கொண்டிருந்தான், நான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்பதுபோல. பிறகு டம்ளரை மெல்ல என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு எழுந்துபோனான்.

மத்தியானம் ரசத்தில் விட்டேன். ரசத்தைத் தொடவில்லை. மோரில் விட்டேன். மோரையும் தொடவில்லை. அப்புறம் நான் கொடுத்த சோற்றையே தொடுவதில்லை. கடைக்குப் போய் முட்டை வாங்கிவந்து அவனே அவித்துத் தின்றான். பிரிக்காத பிஸ்கட் பாக்கெட். கண் முன்னால் வெட்டிய இளநீர். தோலோடு இருக்கிற வாழைப்பழம். புரிகிறதா உங்களுக்கு? யாரும் எதுவும் கலக்க முடியாதது மட்டும். இத்தனை வருடம் சோறு போட்ட அண்ணன் நான். என் கையை அவன் பார்த்த பார்வை இருக்கிறதே, பாம்பைப் பார்க்கிறமாதிரி.

மருந்து உள்ளே போகாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். செங்கோட்டை ஸ்டேஷன் எனக்கு ஞாபகம் இருக்கிறது. யோசித்தேன். மருந்துக் கடையில் ஊசி ஒன்று வாங்கினேன். வாழைப்பழத்தின் காம்புக்குப் பக்கத்தில் குத்தி, மருந்தை உள்ளே ஏற்றினேன். சிரிக்காதீர்கள். மோட்டாரில் தலைமயிர் மாதிரிக் கம்பியைச் சுற்றுகிற கை இது. வெளியே ஒன்றுமே தெரியவில்லை. ஒரு சீப்பு முழுக்க ஏற்றித் தொங்கவிட்டுவிட்டுக் கடைக்குப் போனேன்.

மத்தியானம் வந்தால், அவன் பழங்களைப் பிய்த்து மேஜையில் வரிசையாக அடுக்கிவைத்திருக்கிறான். ஊசி குத்தின இடமெல்லாம் கறுத்துப்போயிருந்தது. வாழைப்பழத்தோல் அப்படிக் கறுக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

“இது என்னண்ணே?”

“கொசு கடிச்சிருக்கும்” என்றேன். வாயில் வந்தது அதுதான்.

“எல்லாப் பழத்துலயும் ஒரே எடத்துலயா?”

அவன் கோபப்பட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அவன் கோபப்படவில்லை. ஒவ்வொரு பழமாக எடுத்துக்கொண்டுபோய்க் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தான். மாடு தின்றுவிடக்கூடாதாம்.

அதற்குப்பிறகு குழாய்த் தண்ணீர் மட்டும்தான். டிவிக்குத் துண்டு. பிரிட்ஜுக்கு என் வேட்டி. கண்ணாடிக்கு உலகம்மாளின் சேலை. வீட்டில் துணி தீர்ந்ததும் என் கடைக்கு வந்து, காயில் கட்டி வைத்திருந்த மோட்டார்மேலெல்லாம் சாக்கைப் போட்டு மூடினான். மீட்டரோடு சத்தமாகச் சண்டை போட ஆரம்பித்தான். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, “அண்ணாச்சி, பொம்பளப்பிள்ளைய இருக்க தெரு, ஏதாவது பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

உலகம்மாளுக்குப் போன் போட்டேன். நடந்ததையெல்லாம் கொட்டினேன். கேட்டுவிட்டு அமைதியாக ஒரு கேள்வி கேட்டாள்.

“நீங்க சொன்னியளா?”

“என்னத்த?”

“மருந்து போட்டிருக்குன்னு.”

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவள் என் வீட்டுக்கு வந்த மறுவருடமே அவனிடம் சொல்லிவிட்டாளாம். கலக்கிக்கொண்டிருக்கும்போது இவன் அடுப்படிக் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றானாம். பாட்டில் கையில். இது என்ன மதினி என்று கேட்டானாம். “எனக்குப் பொய் சொல்ல வரலங்க. இது ஒங்க மருந்து, இதக் குடிச்சாத்தான் எங்ககூடப் பேசுதிய, இல்லேன்னா மீட்டரோட பேசுதியன்னு சொல்லிட்டேன். நாளையிலருந்து என் கண்ணு முன்னால விடுங்க மதினின்னாரு. அம்புட்டுதான்.”

அம்புட்டுதானாம். அன்றிலிருந்து தினமும் அவன் அடுப்படிக்குப் போவான், அவள் அவன் முன்னால் சொட்டு விடுவாள், அவன் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வாங்கிக் குடிப்பான். கதவுக்கு வெளியே நான் பேப்பர் படித்துக்கொண்டு, என் ஏற்பாடு எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“அவருதான் வேண்டாம்னாரு. அண்ணனுக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவாரு, அவரு பாட்டுக்கு ஒளிச்சு வச்சிருக்கட்டும்னாரு.”

யோசித்துப் பாருங்கள். பைத்தியம் யார்? அவனா, நானா? ஒரு வீட்டில் ஒருத்தனுக்குத் தெரியாமல் ஒன்று நடக்கிறது என்றால், அந்த ஒருத்தன் நான். என் பெண்டாட்டியும் என் தம்பியும் சேர்ந்து இத்தனை வருடம் என்னை ஏமாற்றியிருக்கிறார்கள். கல்யாணிக்குக்கூடத் தெரியுமாம். சின்ன வயதில் அவள்தான் சொட்டு எண்ணுவாளாம், விளையாட்டுமாதிரி.

“இப்ப ஒண்ணும் கெட்டுப்போகல” என்றாள் உலகம்மாள். “பாட்டில எடுத்துட்டுப் போயி அவரு முன்னால வைங்க. ஒரே ஒரு வார்த்த. மருந்துன்னு சொல்லுங்க. குடிச்சிருவாரு.”

வைத்தேன். டம்ளரையும் பாட்டிலையும் கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தேன். அவன் பட்டினியில் கன்னம் ஒட்டிப்போய் உட்கார்ந்திருந்தான். பாட்டிலைப் பார்த்ததும் நிமிர்ந்தான். அதுவரைக்கும் மீட்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவன் வாயை மூடிக்கொண்டு என் முகத்தையே பார்த்தான். அவ்வளவு ஆசையாக என்னை யாரும் பார்த்ததில்லை.

“இது...” என்றேன்.

“சொல்லுங்கண்ணே.”

“இது சத்து மருந்து.”

“சத்து மருந்தா?”

“ஆமா. டாக்டர் குடுத்தாரு. ஒடம்புக்கு நல்லது.”

“சரிண்ணே” என்றான். எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.

ஏன் என்னால் சொல்ல முடியவில்லை என்று நானும் என்னையே கேட்டுப் பார்க்கிறேன். நான் அப்படிக் கேட்டுப் பார்க்கிற ஆள்தான். கடையில் கம்பி சுற்றும்போது வேறு என்ன வேலை, கேட்டுக்கொண்டே இருப்பேன். என் தவறு எங்கே என்று தேட ஆரம்பித்தால், ஒவ்வொரு தடவையும் அது வேறு யாரோ செய்த தவறில் போய் நிற்கிறது. உலகம்மாள் முதலிலேயே என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். டாக்டர் விவரமாகச் சொல்லியிருக்க வேண்டும். சம்பந்தி அன்றைக்கு அந்தப் பேச்சைப் பேசாமல் இருந்திருக்க வேண்டும். அந்த ஒரு வார்த்தையை நான் சொன்னால், அத்தனை வருடமும் அவனிடம் பொய் சொன்னவன் என்று ஆகிவிடும். நான் பொய் சொன்னவனா? காப்பாற்றினவன். விரலைக் கொடுத்துக் காப்பாற்றினவன்.

இந்த மனநல ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். வேன் அனுப்பினார்கள். இரண்டு ஆட்கள் வந்தார்கள். நல்லவர்கள்தான். “நாங்களே பேசிக் கூட்டிட்டுப் போறோம்” என்றார்கள். தெருவே வாசலில் நிற்கிறது, அதில் பேசிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை. நானே உள்ளே போய், “மதினியப் பாக்கப் போறோம், கிளம்பு” என்றேன்.

அவ்வளவுதான், முகம் மலர்ந்துவிட்டது. குளித்தான். பட்டினி கிடந்தவன் நடுங்கிக்கொண்டே நின்று தன் சட்டைக்கு இஸ்திரி போட்டான். அப்புறம் அலமாரியிலிருந்து ஒரு துணிக்கட்டை எடுத்தான். பழைய வேட்டி. பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடமாட்டோம், தெரியுமே, பழைய வேட்டியைக் கிழித்துத்தான் சுற்றுவோம். என் பழைய வேட்டியையெல்லாம் எப்போதோ எடுத்து, கிழித்து, துவைத்து, ஒவ்வொரு துண்டாக இஸ்திரி போட்டு அடுக்கிவைத்திருக்கிறான். அதை மார்போடு அணைத்துக்கொண்டு வேனில் ஏறினான். நான் பின்னால் பஸ்ஸில் வருவதாகச் சொன்னேன். அந்தத் துணிக்கட்டு இங்கேதான் எங்கேயோ இருக்கும்.

பேத்தி பிறந்தாள். நான் சம்பந்திக்குப் போன் போட்டு, இப்போது வீட்டில் யாரும் இல்லை, தைரியமாக அனுப்பலாம் என்றேன். சந்தோஷமாக அனுப்பினார். என் மகள் கைப்பிள்ளையோடு என் வீட்டுக்கு வந்தாள். நான் போட்டுவைத்த கட்டிலில்தான் படுத்தாள். படுப்பதற்கு முன்னால் வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்தாள். மீட்டரில் துண்டு இல்லை. நான் எடுத்துவிட்டேன்.

“சித்தப்பா எங்கப்பா?”

சொன்னேன். அவள் அழவில்லை. “எங்க மாமனாருகூட ஒரு ஏற்பாடுன்னுதான் சொன்னாரு. ஏற்பாடுன்னா நீங்க இத மட்டுந்தானா நெனைப்பிய?” என்றாள். அதற்கப்புறம் என்னோடு பேச்சு குறைந்துவிட்டது. வேறு எப்படி ஏற்பாடு செய்வது? அதை யாரும் சொல்லவில்லை, பாருங்கள்.

உலகம்மாள் சண்டையே போடவில்லை. அதுதான் தாங்கவில்லை. தினமும் காலையில் காப்பியைக் கொண்டுவந்து என் முன்னால் வைப்பாள். வைத்துவிட்டு, வாய்ப்பாடு ஒப்பிக்கிறமாதிரி, “பாலு, டிகாஷன், சீனி. வேற ஒண்ணும் போடல” என்பாள். பேத்தியைப் பார்க்க வந்தவர்கள் முன்னாலும் சொல்வாள். அவர்களுக்கு ஒன்றும் புரியாது, சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

நேற்று காப்பி வைத்துவிட்டு வேறொன்றையும் சேர்த்துச் சொன்னாள். “நாளைக்குப் போயித் தம்பியக் கூட்டிட்டு வாங்க. டாக்டர்ட்ட நா பேசிட்டேன். சம்பந்திட்டயும் பேசிட்டேன். என்ன நோய், என்ன மருந்து, எப்படி இருப்பாரு, எல்லாம் சொல்லிட்டேன். சரின்னுட்டாவ. போறது மட்டும் நீங்க போங்க. கொண்டுபோயி விட்டது நீங்கதான.” பார்த்தீர்களா, வீட்டு ரகசியத்தையெல்லாம் ஊர் ஊராகச் சொல்லிவிட்டாள். சம்பந்தியும் சரி என்றுவிட்டாராம். அப்புறம் நான் இத்தனை பாடுபட்டது யாருக்காக?

வந்தேன். உள்ளே போனேன். அவன் நன்றாகத்தான் இருக்கிறான். சதை பிடித்திருக்கிறது. ஜன்னலோரமாக உட்கார்ந்து இங்கே உள்ளவர்களின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தான். “வாங்கண்ணே, இருங்க” என்றான். பேத்தியைப் பற்றிக் கேட்டான். என்ன பெயர், யாருடைய ஜாடை என்று. நான் பதில் சொல்லிவிட்டு, “கிளம்பு, வீட்டுக்குப் போவோம்” என்றேன்.

“எங்கண்ணே?”

“வீட்டுக்குத்தான்.”

“அன்னைக்கு மதினியப் பாக்கப் போறோம்னு சொன்னிய.”

“அன்னைக்குச் சொன்னது வேற. இது நெசமாத்தான்.”

சட்டையை மடித்து முடித்து, பொத்தானை நேராக்கிவைத்தான். பிறகு மெதுவாக, என் மனது புண்படக்கூடாது என்பதுபோலச் சொன்னான். “இங்க சொல்லிக் குடுக்காவ அண்ணே. மாத்திரைய உள்ளங்கையில வச்சு, இது இன்னதுக்குன்னு சொல்லித்தான் குடுக்காவ. நா இங்கயே இருந்துக்கிடுதேன். நீங்க வெயில்ல அலையாதிய.”

அவ்வளவுதான். அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டான்.

பார்த்தீர்களா? ஒரே ஒரு தடவை நிஜத்தைச் சொல்கிறேன், நம்பமாட்டேன் என்கிறான். இதைத்தான் நோய் என்கிறேன். டாக்டர் நன்றாகிவிட்டது என்கிறார். சொந்த அண்ணனை நம்பாதவனுக்கு என்ன நன்றாகியிருக்கிறது?

சற்றுமுன் உலகம்மாள் போன் செய்தாள். கிளம்பியாச்சா என்று கேட்டாள். வர யோசிக்கிறான் என்றேன். “போன அவர்ட்ட குடுங்க. நா ஒரு வார்த்த சொன்னா வந்திருவாரு” என்றாள். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அவள் சொன்னால் வந்துவிடுவான். அது எனக்குத் தெரியாதா? அவள் சொல்லித்தான் வந்தான் என்று ஆகிவிட்டால், அப்புறம் அந்த வீட்டில் நான் யார்? நீங்களே சொல்லுங்கள்.

டாக்டர் இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டும் என்று சொன்னதாக அவளிடம் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். அவன் என்னோடு வரமாட்டேன் என்று சொன்னதை அவளிடம் எப்படிச் சொல்வது? கல்யாணி வேறு பிள்ளை பெற்ற உடம்பு. கஷ்டப்படுவார்கள்.

டாக்டர் வருகிறார். உங்களைத்தான் பார்க்கிறார், போங்கள். உலகம்மாள் அவருக்கும் போன் செய்திருப்பாள். என்னைப் பற்றிக் கேட்டால், அவர் அப்போதே கிளம்பிப் போய்விட்டார் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.